சாயாத வீட்டைச் சாய்த்த என் படம்

போன தீபாவளியோடு கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். வயது ஐம்பத்தாறுதான். ஆனால் முப்பது வருடம் ஒரே தோளில் பையை மாட்டியதில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் கல்கத்தா ஸ்டுடியோவில் என் இடத்துக்கு நீங்கள் நான்கு பேர் வந்திருக்கிறீர்கள். இரண்டு பேர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், இரண்டு பேர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். நால்வரும் தமிழ்ப் பிள்ளைகள். உங்களை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று இருட்டறையைப் பார்த்துக்கொள்ளும் வசந்தா என்னிடம் கேட்டாள். நான் தயங்கினேன்.

“உங்களைப் பேசச் சொன்னா தரையத்தான் பாப்பீங்க. எழுதியாவது குடுங்கண்ணா,” என்றாள்.

எழுதுகிறேன். நான் சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தமிழ் எழுதக் கற்றுக்கொண்டது அம்மாவிடம். பிழை இருந்தால் வசந்தா திருத்தியிருப்பாள். வெளிச்சத்தை அளப்பது, ரோல் கழுவுவது எல்லாம் அவள் உங்களுக்குச் சொல்லித் தருவாள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவாள். நான் சொல்லப்போவது என் தப்புகளைப் பற்றி.

நம் அகலக் கோணக் கேமராவில் நாம் பார்க்கும் கண்ணாடி மேலே தனியாக இருக்கிறது. ஃபிலிம் பார்க்கும் லென்ஸ் கீழே தனியாக இருக்கிறது. லென்ஸின் மூடியைக் கழற்றாமலே ஒரு ரோலின் பன்னிரண்டு படத்தையும் எடுத்து முடிக்கலாம். உங்கள் கண்ணுக்குத் தெரு முழுவதும் அழகாகத் தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு ரதயாத்திரை முழுவதையும் நான் அப்படித்தான் எடுத்தேன். வசந்தா கழுவிய ரோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஜன்னல் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்குண்ணா. இது எந்தத் தெரு?” என்று கேட்டாள். அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. சிரிக்க முடியாத தப்பு ஒன்றும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வடக்குக் கல்கத்தாவில் டிராம் ரோட்டிலிருந்து கங்கைப் பக்கம் போகும் ஒரு சந்து. அகலம் எட்டடி இருக்கும். கொஞ்ச தூரம் நேராகப் போய், ஒரு மூலை வீட்டில் முட்டி, வலப்பக்கம் திரும்பிவிடும். அந்த நேரான பகுதியின் இடப்பக்கத்தில் மூன்று மாடி மஞ்சள் வீடு ஒன்று. பச்சை மர ஜன்னல்கள், வார்ப்பிரும்புக் கம்பி வைத்த பால்கனி, மொட்டைமாடிச் சுவரின் மேல் சுண்ணாம்பில் செய்த இரண்டு சிங்கங்கள். ஒன்றுக்குத் தலை இல்லை. அந்தச் சிங்கங்களோடு சந்து முழுவதும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

தரையில் நின்று கேமராவை மட்டமாகப் பிடித்தால் சிங்கம் வரவில்லை. பின்னால் போகவும் இடமில்லை. கேமராவை மேல் நோக்கிச் சாய்த்தேன். கேமராவின் தலையில் மட்டம் காட்டும் ரசமட்டக் குமிழ் ஒன்று இருக்கிறதே, அது நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் அமுக்கினேன்.

கேமராவைச் சாய்த்தால் நிமிர்ந்த சுவர்கள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். லென்ஸ் அகலமாக அகலமாக நெருக்கம் கூடும். அந்தப் படத்தில் இரண்டு பக்க வீடுகளும் சந்துக்குள் குனிந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தன. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அந்தப் பகுதியின் பூஜை கமிட்டிக்காரர்கள் கேட்டு வாங்கிக் காலண்டரில் போட்டார்கள். தேதிக்கு இடம் வேண்டும் என்று படத்தின் வலப்பக்கத்தை வெட்டிவிட்டார்கள். மஞ்சள் வீடு மட்டும் மிஞ்சியது. நான் அந்தக் காலண்டரை வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்கள் எல்லாம் பார்க்க வேண்டும் என்று வாசலுக்கு நேராகவே மாட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து, பழைய தெருக்களைப் படமெடுத்து வைக்கும் நம் ஸ்டுடியோ வேலைக்காக அதே பகுதிக்கு மறுபடி போனேன். மஞ்சள் வீட்டின் வாசலுக்கு மேல் ஒரு தகரப் பலகை அடித்திருந்தது. வங்காளி எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியும். “ஆபத்தான வீடு” என்று எழுதியிருந்தது. முன்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன.

கீழ்த்தளத்தில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் மாலா பௌதி குடியிருந்தார். பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன். இங்கே தெரிந்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். முன்பு படமெடுத்தபோது எனக்கு டீ கொடுத்தவர். இவரும் அந்தப் பகுதியில் மற்றவர்களும் பேசியது வங்காளி. நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

“வாங்க போட்டோதாதா,” என்றார். “உங்களத்தான் தேடிட்டிருந்தோம். ரொம்பப் பெரிய ஆள் நீங்க. தொடாமலே வீட்ட இடிச்சிட்டீங்க.”

எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். மாநகராட்சி அலுவலகக் கோப்பிலிருந்து எடுத்த நகல். காலண்டரில் வந்த என் படம். வீட்டு ஓரத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, சந்துப் பக்கம் ஒரு அம்புக்குறி வரைந்திருந்தார்கள். மனு கொடுத்தது மூலை வீட்டு தத்தாபாபு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலண்டரைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த வீடு விழுந்தால் அவர் வீட்டு வழி அடைந்துவிடும். அவர் மனைவி தினமும் இதன் கீழேதான் நடந்து மார்க்கெட்டுக்குப் போகிறார். பயந்ததில் அவர் தப்பு இல்லை.

“முன்ரூம் எதையும் புழங்கக் கூடாதுன்னுட்டாங்க,” என்றார் பௌதி. “மெஷின தூக்கிட்டுப் பின்னால சமையலறையில வச்சிருக்கேன். வெளிச்சமே இல்ல. ஜாக்கெட் கைய எடம் வலம் மாத்தி மாத்தித் தைக்கிறேன். வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி விசாரணை. அதுலயும் ஆபத்துன்னு எழுதிட்டா, பதினஞ்சு நாள்ல மூணு குடும்பமும் காலி பண்ணணும்.”

“வீட்டுச் சொந்தக்காரர்?”

“அவரு எங்கயோ இருக்காரு. நாங்க போனா அவருக்கு அழுகையா வரும்?”

அன்று செவ்வாய்க்கிழமை. அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில், வெட்டாத முழுப் படத்தை வசந்தாவிடம் பெரிதாகப் போட்டு வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் சாய்ந்திருப்பதைப் பார்த்தால் இது கேமரா செய்த வேலை என்று விசாரணை நடத்தும் இன்ஜினியருக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு ஆபீஸ் என்றாலே வாய் ஒட்டிக்கொள்ளும். படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, “சார், இது நான் எடுத்தது. வீடு சாயல, கேமராதான் சாஞ்சுது,” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றேன்.

இன்ஜினியர் நல்ல மனிதர். மேஜையில் நாற்பது கோப்பு இருந்தது. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அட, வலப்பக்கமும் சாஞ்சிருக்கே,” என்றார். “அப்போ அந்த மூணு வீட்டுக்கும் நோட்டீஸ் விடணும்ங்கறீங்களா?”

படத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “இல்ல சார். நேராப் பிடிச்சு இன்னொரு படம் எடுத்துட்டு வர்றேன் சார்.”

“அன்னிக்குக் கோணலாப் பிடிச்சீங்க. இன்னிக்கு நேராப் பிடிப்பீங்க. உங்க கைதான் ரெண்டும். நான் எத நம்புறது?” கோபமில்லாமல்தான் கேட்டார். “கீழ நின்னு நானும் பாத்தேன். சாஞ்ச மாதிரிதான் எனக்கும் தெரிஞ்சுது. கோப்புல ஒரு படம் இருக்கு. அதுக்குப் பதில் சொல்ற படமாக் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணி.”

அவர் கேட்டது சரி. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். சாய்ந்த படத்துக்கு நேரான படம் பதில் ஆகாது. கேமராவைக் கையில் வைத்திருப்பவன் எதை வேண்டுமானாலும் செய்வான் என்று தெரிந்துவிட்ட பிறகு, அவன் எடுக்கும் எல்லாப் படமும் சந்தேகம்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன், அன்றைக்கு ஒரு ஆபீஸ் படிக்கட்டில் நின்று அதைக் கற்றுக்கொண்டேன்.

நேராக ஸ்டுடியோவுக்கு வந்தேன். வசந்தா ஒரு ரோலைக் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“நல்லா இருக்கே. ஒரு வீட்டக் காப்பாத்தப் போயி மூணு வீட்டுக்கு நோட்டீஸ் வாங்கப் பாத்தீங்களா? நாளைக்கும் போனீங்கன்னா தெருவே காலிதான்.”

“சிரிக்காத வசந்தா.”

“நான் சிரிக்கல. முகமே அப்படித்தான்.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். என் கண் எதிரே அவள் காயப்போட்ட ஃபிலிம் தொங்கிக்கொண்டிருந்தது. சுருண்டு போகாமல் இருக்க அடியில் ஈயம் வைத்த கிளிப் மாட்டுவோம் அல்லவா, அந்தக் கனத்தில் ஃபிலிம் விறைப்பாக நின்றது. கழுத்து வலிக்காகத் தலையை இடப்பக்கம் சாய்த்தேன். ஃபிலிமும் சாய்ந்தது, பின்னால் இருந்த கதவும் சாய்ந்தது. இரண்டும் ஒரே அளவு சாய்ந்தன. வலப்பக்கம் சாய்த்தேன். அப்போதும் அப்படியே. கதவுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருந்த இடைவெளி மேலேயும் கீழேயும் மாறவே இல்லை.

“என்னண்ணா, பொம்மை மாதிரி தலைய ஆட்டுறீங்க?”

“கிளிப்பு,” என்றேன். “வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளிப்பு தொங்கவிடணும்.”

அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல், மொட்டைமாடியிலிருந்து சுவரை ஒட்டி ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதோடு சேர்த்து வீட்டைப் படமெடுக்க வேண்டும். நான் பொய் சொல்லலாம், கேமரா பொய் சொல்லலாம். கனம் கட்டித் தொங்கும் கயிற்றுக்குச் சாயத் தெரியாது.

வியாழக்கிழமை மழை. ஆனால் ஏற்பாடு செய்ய வேண்டியது இருந்தது. மாலா பௌதியிடம் போய்ச் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஒரு வேள கயிறு கட்டிப் பாத்து, வீடு நெசமாவே சாஞ்சிருந்தா?”

இதை நான் முன்பே யோசித்திருந்தேன். ராத்திரி முழுவதும் யோசித்திருந்தேன். வீட்டுக்கு வயது நூறுக்கு மேல். என் படம் தப்பு என்பது எனக்குத் தெரியும். வீடு சரி என்பது எனக்குத் தெரியாது.

“அப்பவும் எடுப்பேன் பௌதி. அதையும் கொண்டுபோய்க் குடுப்பேன்.”

அவர் என்னையே பார்த்தார். மெஷினில் ஊசி பாதித் துணியில் குத்தி நின்றது. நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன். பௌதி எழுந்து சமையலறை மூலைக்குப் போய், மசாலா அரைக்கும் அம்மியின் குழவியை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

“கனம் இது போதுமா?” என்றார். “சாஞ்சிருந்தா நாங்களே போயிடறோம். பிள்ளைங்க தூங்குற வீடு.”

அடுத்தது தத்தாபாபு. தரையிலிருந்து மட்டமாகப் பிடித்தால் வீடு முழுவதும் வராது என்பதுதான் முதல் நாளிலிருந்தே கஷ்டம். வீட்டின் பாதி உயரத்துக்கு ஏறி, சந்தின் நீளத்துக்குப் பார்த்து நின்றால் சாய்க்காமலே எடுக்கலாம். அப்படி ஓர் இடம் அந்தச் சந்தில் ஒன்றுதான். சந்து முட்டித் திரும்பும் மூலையில், தத்தாபாபு வீட்டு மாடி வராந்தா. மனு கொடுத்தவர் வீட்டில் ஏறித்தான் மனுவுக்குப் பதில் எடுக்க வேண்டும்.

மூன்று தடவை அவர் வாசல் வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை அவரே மேலிருந்து, ஐயா என்பதற்கு இங்கே சொல்லும் ‘மஷாய்’ போட்டுக் கூப்பிட்டார்.

“என்ன மஷாய், நடந்து நடந்து என் வாசப்படிய அளக்குறீங்களா?”

மேலே போனேன். வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

“ஓ, அந்தக் காலண்டர்க்காரர் நீங்கதானா? அந்த வீட்டுல அனுப்பினாங்களா உங்கள?”

“இல்ல. என் படத்தால வந்தது. நானே வந்தேன்.” வராந்தாவிலிருந்து தெரிந்த மஞ்சள் வீட்டைக் காட்டினேன். “கயிறு கட்டி எடுப்பேன். கட்டுறத நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. வீடு சாஞ்சிருந்தா அந்தப் படத்த நானே ஆபீஸ்ல குடுத்துடறேன். உங்க கையிலயும் ஒண்ணு குடுப்பேன். நேரா இருந்தா, அப்பவும் ஒண்ணு குடுப்பேன். நீங்க ராத்திரி தூங்கலாம்.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காலைல ஆறு மணிக்கு நான் எந்திரிச்சிருவேன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. காற்று விடவில்லை. பௌதியின் கணவர் மொட்டைமாடியில் சிங்கத்தின் காலோடு ஒரு மூங்கிலைக் கட்டி, சந்துப் பக்கம் ஒரு முழம் நீட்டி வைத்தார். அதிலிருந்து நீல நைலான் கொடிக்கயிறு. அதன் முனையில், பழைய துணியில் முடிந்த அம்மிக் குழவி. மஞ்சள் சுவருக்கு முன்னால் நீலம் நன்றாகத் தெரியும் என்று கொடிக்கயிற்றை நான்தான் கேட்டேன்.

நான் தத்தாபாபுவின் வராந்தாவில் ஸ்டாண்டை வைத்துக் கேமராவை மாட்டினேன். ரசமட்டக் குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் செய்தித்தாளை மடித்து வைத்தேன். போதவில்லை. இன்னொன்று கேட்டேன். மூன்றாவதும் கேட்டேன்.

“என்னத்துக்கு இவ்ளோ பேப்பர்?” என்றார் தத்தாபாபு.

சொல்லாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை.

“உங்க வராந்தா கொஞ்சம் சாஞ்சிருக்கு தத்தாபாபு.”

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. “பத்து வருஷமா சொல்றேன், டீ கிளாஸ் தானா நகருதுன்னு. நான் சொன்னா யாரு கேக்குறாங்க இந்த வீட்டுல?” தத்தாபாபு நாலாவது செய்தித்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

குமிழ் நடுவில் வந்தது. ஆனால் கயிறு நிற்கவில்லை. கங்கைப் பக்கத்திலிருந்து வந்த காற்றில் குழவி ஊஞ்சல்போல் ஆடியது. மணி ஏழு. ஏழரை. மழை நாளின் மங்கிய வெளிச்சத்துக்கு ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூட வேண்டும். ஆடும் கயிறு படத்தில் புகைபோல்தான் வரும். எட்டுக்கு வசந்தா போனில் கூப்பிட்டாள்.

“அண்ணா, ஒன்பதரைக்குள்ள ரோல் என் கைக்கு வரணும். அதுக்கு மேல வந்தா ஈர நெகடிவத்தான் இன்ஜினியருக்குக் குடுக்கணும். கொடியும் கிளிப்பும் கூடவே கொண்டுபோங்க.”

கை அரித்தது. பன்னிரண்டு படம் இருக்கிறதே, ஆடினாலும் வரிசையாக அமுக்குவோம், ஒன்றாவது நன்றாக வராதா என்று தோன்றியது. இப்படித் தோன்றும் நேரம்தான் நம் வேலையில் மிக மோசமான நேரம். இரண்டு வருடத்துக்கு முன் குமிழ் ஓரத்தில் ஓடியபோதும் எனக்கு இப்படித்தான் தோன்றியது. ஷட்டரிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். இறங்கும்போதுதான் கொத்தனார்கள் செய்வது ஞாபகம் வந்தது. பௌதியிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, குழவி முழுகும்படி கீழே வைத்தேன். தண்ணீருக்குள் போனதும் குழவி இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கியது. கயிறு கோடு போட்டதுபோல் நின்றது.

மேலே ஓடி வந்து ஆறு படம் எடுத்தேன். சுவரின் ஓரமும் கயிறும் அந்தக் கண்ணாடிக்குள் இரண்டு தண்டவாளம்போல் பக்கம் பக்கமாக இறங்கின. தத்தாபாபுவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு ஒன்று செய்தேன். யாரும் கேட்கவில்லை. கேமராவை வேண்டுமென்றே, காலண்டர் படத்தில் சாய்த்த அளவுக்கு மேல் நோக்கிச் சாய்த்தேன். குமிழ் ஓரத்துக்கு ஓடியது. இந்தத் தடவை தெரிந்தே ஓடவிட்டேன். அப்படி மூன்று படம்.

பதினொன்றரைக்கு வசந்தா இன்னும் லேசாக ஈரம் இருந்த இரண்டு பெரிய படங்களை அட்டையில் வைத்துக் கொடுத்தாள். “பாத்துப் பேசுங்க. மொதல்ல வணக்கம் சொல்லுங்க,” என்றாள்.

இன்ஜினியர் அறையில் பௌதியும் அவர் கணவரும் ஒரு பக்கம், தத்தாபாபு ஒரு பக்கம். நேரான படத்தை முதலில் வைத்தேன். இன்ஜினியர் கயிற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் அவர் விரல் பழைய காலண்டர் படத்தின் சிவப்புக் கோட்டிலேயே இருந்தது.

அப்போது சாய்த்து எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். காலண்டரில் இருந்த அதே சாய்வு. வீடு சந்துக்குள் விழப்போவதுபோல் குனிந்து நின்றது. அதோடு சேர்ந்து நீலக் கயிறும், அதே கோணத்தில், வாளியோடு சாய்ந்து நின்றது.

“சார்,” என்றேன். என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. “அடியில கல்லு கட்டித் தொங்குற கயிறு சாயுமா சார்?”

இன்ஜினியர் படத்தைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு தத்தாபாபுவிடம் திரும்பினார். “நீங்க கூட இருந்தீங்களா? இவர் ஏதாவது தந்திரம் பண்ணினாரா?”

“கூடவே இருந்தேன்,” என்றார் தத்தாபாபு. “கயிறு கட்டினதப் பாத்தேன். வாளி வச்சதப் பாத்தேன். தந்திரக்காரர் மாதிரித் தெரியல. தந்திரக்காரரா இருந்தா என் வராந்தா கோணல்னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்வாரா?”

இன்ஜினியர் என் தோள்பையைக் காட்டினார். “அந்தக் கேமராவக் குடுங்க பாப்போம்.”

கொடுத்தேன். அவர் உட்கார்ந்தபடியே கண்ணாடியில் கண்ணை வைத்து, எதிர்ச் சுவரில் இருந்த இரும்பு பீரோவைப் பார்த்தார். மெல்ல மேலே சாய்த்தார். மறுபடி கீழே இறக்கினார். மறுபடி சாய்த்தார்.

“அடடே,” என்றார் கண்ணை எடுக்காமல். “என் பீரோ என் மேலயே விழுதே.”

கிளார்க் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். பௌதி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

காலண்டர் படத்தில் கேமராவைச் சாய்த்துப் பிடித்தது நான்தான், வீட்டின் நிலையை அந்தப் படம் காட்டவில்லை என்று கிளார்க் வங்காளியில் எழுதினார். நான் அதை முழுவதும் வாசித்துவிட்டு அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். என் வேலையில் நான் போட்ட கையெழுத்துகளில் எனக்குப் பெருமையானது அதுதான். தப்பை ஒப்புக்கொண்ட தாளில் பெருமை என்ன என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தாளைத்தான் முதலில் நம்பினார்கள். அதற்குப் பிறகுதான் படத்தை நம்பினார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அழகுக்காகச் சாய்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. சாய்த்துக்கொள்ளுங்கள், நானும் அதன்பிறகு பல தடவை சாய்த்திருக்கிறேன். ஆனால் பழைய தெருவில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். படம் உங்கள் கையை விட்டுப் போன பிறகு யார் அதை எங்கே வெட்டுவார்கள், எந்தக் கோப்பில் வைப்பார்கள், எந்த மேஜையில் அது பேசும் என்று உங்களுக்குத் தெரியாது. சாய்த்து எடுத்தால் நெகடிவ் உறையின் மேல் “சாய்த்து எடுத்தது” என்று எழுதுங்கள். நேரான ஒன்றையும் கூடவே எடுத்து வையுங்கள். தப்பு நடந்துவிட்டால் முதல் ஆளாக நீங்களே போய் நில்லுங்கள். போய் நின்றால் வாய் தானாகத் திறக்கும். எனக்கே திறந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு இன்ஜினியர் நேரில் வந்தார். கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் ஒரு தடவை, ஒவ்வொரு மாடியிலும் ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று கயிற்றுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அவரே அளந்தார். மேலேயும் கீழேயும் ஒரு விரல் கனம்கூட வித்தியாசம் இல்லை. பால்கனிக்குக் கீழே பெயர்ந்திருந்த காரையைப் பூசச் சொன்னார். உடன் வந்த ஆளிடம் தகரப் பலகையைக் காட்டினார். அவர் சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணியைப் பிடுங்கினார். பலகை சத்தத்தோடு கீழே விழுந்தது.

“முன்ரூம் புழங்கலாமா சார்?” என்று பௌதி கேட்டார்.

“உங்க வீடு,” என்றார் இன்ஜினியர். “புழங்குங்க.”

பௌதி உள்ளே ஓடினார். கீழ்த்தளத்தில் முதல் பச்சை ஜன்னல் படார் என்று திறந்தது. இரண்டாவது திறந்தது. மேலே மற்ற இரண்டு குடும்பத்துப் பெண்களும் ஆரம்பித்தார்கள். பல மாதம் பூட்டிக் கிடந்த மரச்சட்டங்கள் முனகிக்கொண்டு சுவரில் மோதின. தூசு சந்து முழுவதும் மழைபோல் கொட்டியது. நானும் இன்ஜினியரும் தலையைத் துடைத்துக்கொண்டே மேலே பார்த்து நின்றோம். கீழிருந்து மேல் வரை மாடி மாடியாக வீடு கண் திறந்தது.

சத்தம் அடங்கியதும் மூலை வீட்டு வராந்தாவிலிருந்து ஒரு குரல் வந்தது. மனு கொடுத்த நாளிலிருந்து இந்த வீட்டோடு ஒரு வார்த்தை பேசாத தத்தாபாபு, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தபடி கத்தினார்.

“மாலா பௌதி, மூணாவது மாடி, இடப்பக்கம் கடைசி. அது ஒண்ணு இன்னும் மூடியே இருக்கு.”

அதற்குள் மேலே ஏறிப்போயிருந்த பௌதி பக்கத்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். முகமெல்லாம் தூசு.

“அது இறுகிப்போச்சு தாதா. வந்து ஒரு கை குடுங்க.”

தத்தாபாபு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.